பட்டியலில் ஏறாத பலகைக்கல்

அண்ணே,

இன்று ஆபீஸ் அலமாரியைத் துடைக்கும்போது அந்தக் கருங்கல் சில்லு கையில் வந்தது. ஈரத்துணி பட்டதும் அதே வாசனை. "கல்ல நனச்சுப் பாருங்க மேடம், அப்பத்தான் நெசமான நெறம் தெரியும்" என்று உங்கள் தண்ணீர்ப் பாட்டிலைக் கவிழ்த்தீர்களே, அந்த வாசனை.

அரியலூர்ப் பக்கம் பழங்காலப் புதைகுழிகளைப் பட்டியலிடும் வேலை எனக்கு, ஜீப் ஓட்டும் வேலை உங்களுக்கு. அதற்கு முன் பெரம்பலூர் குவாரிகளில் கல் லாரி ஓட்டியவர் நீங்கள். ஆண்டிமடம் தாண்டி ஒரு முந்திரிக்காட்டில், புதைகுழியைச் சுற்றிய செம்புறாங்கல் வட்டத்துக்கு நடுவே ஒரு கருங்கல் பலகை கிடந்தது. அந்த மண்ணில் கருங்கல் ஏது? ரோட்டு வேலைக்கு வந்த லாரி இறக்கிவிட்டுப் போனது என்று ஒரே போடாகப் போட்டேன்.

நீங்கள் குனிந்து அதன் ஓரம் முழுக்க விரலை ஓட்டினீர்கள்.

"குவாரிக் கல்லுன்னா ஓரத்துல துளை போட்ட தடம் இருக்கும். இதுல ஒண்ணுமில்ல பாருங்க. எங்க பெரம்பலூர் பக்கத்துக் கல்லுதான், ஆனா லாரியில வரல. செத்தவருக்காவ இம்புட்டுத் தூரம் இழுத்துட்டு வந்துருக்காங்க. இதையும் எழுதிக்கங்க மேடம்."

"நீங்க வண்டியப் பாருங்கண்ணே, கல்ல நான் பாத்துக்கறேன்" என்றேன். என்ன வாய்க்கொழுப்பு எனக்கு! நீங்கள் உதிர்ந்து கிடந்த இந்தச் சில்லை மட்டும் எடுத்து ஜீப்பில் வைத்தீர்கள். முந்திரிக்காட்டுக்காரர் அந்தப் பலகையைத் தான் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, "தாராளமா" என்று சொன்னதும் நான்தான்.

பிறகு வேறொரு புதைகுழியில் மண்ணுக்கடியிலிருந்தும் அப்படி ஒரு கல் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஆய்வுக்கூடத்தில் சில்லில் பாதியை அறுத்து, பெரம்பலூர் மலைக்கல்லோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அச்சு அசலாக அதே கல். முந்திரிக்காட்டுக்கு ஓடிப் போய்ப் பார்த்தால், பலகை துண்டு துண்டாகி மோட்டார் கொட்டகையின் அஸ்திவாரத்தில் கிடந்தது. உங்களிடம் எந்த முகத்தோடு சொல்வது? நாளைக்கு, அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

போன வாரம் போன் செய்தேன். உங்கள் மகள்தான் எடுத்தாள். நீங்கள் காலமாகி நாற்பது நாள் ஆகிவிட்டதாம்.

"எதும் சேதிங்களா மேடம்?"

"ஒரு கல்லு பத்தி..."

"முந்திரிக்காட்டுக் கல்லுங்களா? நாஞ் சொன்னத மேடம் அப்படியே எழுதிக்கிட்டாங்கன்னு பாக்கறவங்ககிட்டல்லாம் அப்பா சொல்லுவாங்களே!"

"ஆமாம்மா, எழுதிட்டேன்" என்றேன்.

பொய் அண்ணே. மன்னித்துவிடுங்கள். இன்றுதான் பட்டியலை எடுத்து எழுதினேன்: பெரம்பலூர்க் கருங்கல் பலகை, இப்போது இல்லை, என் சொல்லால் போனது. கண்டு சொன்னவர் என்ற இடத்தில் உங்கள் பெயர். மிச்சமிருந்த சில்லை அலமாரியில் திருப்பி வைக்க மனம் வரவில்லை. என் கைப்பையில்தான் கிடக்கிறது.