மிரஜ் லைனுக்கு ஒரு போர்டு

ஏப்ரல் 9, புதன்
காலையிலேயே கொதிக்குது. லோஹேகாவ் விமானத் தளத்து மேல போர் விமானங்கள். சத்தத்துல போன் பேச முடியல. வாங்க வேண்டியது: தயிர், அப்பாவுக்கு பி.பி. மாத்திரை.
ரயில்களை ஓட விடற கன்ட்ரோல் ஆபீஸ்ல காலை ஷிஃப்ட். ஞாயிறன்னிக்கு ஊழியர் மன்ற விழா. நம்ம ரயில்வே உருவான கதை, கண்காட்சி. ஓய்வு பெற்ற சிலருக்குச் சால்வை, அதுல அப்பாவும். புனே–மிரஜ் லைன்ல ரயில் கார்டா இருந்தவர். சொன்ன உடனே ஷேவ் பண்ணிக்கிட்டார், இன்னும் நாலு நாள் இருக்கு!

ஏப்ரல் 10, வியாழன்
மன்றச் செயலாளர் ஷிண்டே கண்காட்சி போர்டோட படம் அனுப்பினார். பழைய கம்பெனியும் சமஸ்தான ரயில்வேக்களும் சேர்ந்து ஒண்ணானதை அழகா வரைஞ்சிருக்கு.
அப்பா கண்ணாடி போட்டுப் பார்த்தார். ரொம்ப நேரம். "எங்க லைன் எங்கம்மா?"
படத்துல அது இல்ல. மெட்ராஸ் கம்பெனியோட லைன். கம்பெனிகளை இணைச்சப்போ தெற்கு ரயில்வேயோட சேர்ந்துச்சு, அப்புறம் தென் மத்திய ரயில்வே, கடைசியாத்தான் நம்ம ரயில்வேக்கு வந்துச்சு. அரக்கோணத்துக்காரரான அப்பாவுக்குப் புனேல வேலை கிடைச்சதே அதனாலதான். அதுக்கப்புறம் அவர் ஊர் மாறல, ரயில்வேதான் மாறிச்சு.
"அடுத்தவன் வீட்டுக் கல்யாணத்துல எனக்கு எதுக்குச் சால்வை? நான் வரல."
மத்தியானம் சரியாச் சாப்பிடல.

ஏப்ரல் 11, வெள்ளி
ஷிஃப்ட் முடிஞ்சு நேரா ஷிண்டேகிட்ட.
"மேடம், அது பின்னால வந்த லைன். ஆரம்பக் கதையில எப்படி வரும்? பிரின்டும் ஆயிடுச்சு."
நானும் மராத்தியிலேயே: "பின்னால வந்தவங்க குடும்பம் இல்லையா? அந்த லைன் வண்டியை இன்னிக்கு ஓட விடறது யாரு? நான்தானே?"
யோசிச்சார். "சரி, ஞாயித்துக்கிழமை காலையில போர்டு கொண்டு வாங்க. இடம் தரேன்."
வீட்டுல சொல்லல.

ஏப்ரல் 12, சனி
போசரில இருக்கற பிரின்டிங் கடைல போர்டு அடிச்சோம். வாசகம் நான், படம் என் மக நித்யா. விமான் நகர் ஆபீஸ்ல லீவு கேட்டு வந்தா. ஒரே லைன், மூணு ரயில்வேக்கு மூணு கலர். நல்லா வந்திருக்கு.
அப்பாகிட்ட, "எனக்காக வாங்க." அவர் பீரோவிலேர்ந்து கோட்டை எடுத்து வெயில்ல போட்டார்.

ஏப்ரல் 13, ஞாயிறு
எங்க போர்டு வாசல் பக்கம். கோட்டு போட்டுக்கிட்டு வந்த அப்பா அதைப் பார்த்து நின்னுட்டார். மராத்தியை எழுத்துக்கூட்டி முழுசும் படிச்சார். "யாரு செஞ்சது?" நித்யா என்னைக் காட்டினா. என் தோள்ல கை வெச்சார், அவ்வளவுதான். எனக்குத்தான் கண் நிறைஞ்சிடுச்சு.
மேடையில ஷிண்டே: "பெரியவரே, நீங்க எந்த ரயில்வே?"
அப்பா மைக்கை வாங்கி: "மூணும். ஒவ்வொரு தடவை ரயில்வே மாத்தினப்பவும் சீனியாரிட்டி போயிடுமோன்னு பயந்தோம். ஆனா ஒரு நாளும் வண்டியை நிறுத்தல."
கைத்தட்டல் அடங்கவே இல்ல.
கீழ இறங்கினா, போர்டுகிட்ட அந்த லைன்ல வேலை பார்த்த வயசானவங்க கூட்டம். மராத்தி, கன்னடம், தெலுங்கு, எல்லாம் கலந்து. ஒருத்தர் அப்பாவைக் கட்டிக்கிட்டார். அப்பா வண்டிக்கு டிரைவரா இருந்த ஹூப்ளிக்காரராம்.
ஷிண்டே வந்து கேட்டார்: "மேடம், இந்தப் போர்டை மன்றத்துலயே மாட்டிக்கவா?"
"அப்பாவைக் கேளுங்க."
கேட்டார். அப்பா காதுலயே விழல, அந்த டிரைவரோட பேசிட்டிருந்தார்.