தாமக்கண்ணியை இன்னும் இரு திங்கள் வேண்டி விடுத்த ஓலை

வழி நடப்போர் வீடு சேர்க. வழி விடுவோர் வாழ்க.

நீலாற்றின் இரு கரையும் ஒரு குடைக்கீழ் ஆளும் பேரரசி, படகுக்கொடி உடையார், செங்கமலத் தேவியார் திருமுன்பு, வேங்கைக்கோட்டத்து மன்னர் திருவாணை பெற்ற வீதியமைச்சன், தேர்நிலைக் காவலன், தலைப்பாகை ஒன்று குறைந்த பொன்னடியான் கூத்தன் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் நாட்டில் மழை பருவம் தவறாது பொழிக. தோணிகள் யாவும் கரை காண்க.

தங்கள் வீதிவகுப்பாள் தாமக்கண்ணி வரும் முழுநிலவுக்குள் நாடு திரும்ப வேண்டுமென்ற திருவோலை வந்தது. அதைத் தலைமேல் வைத்துக் கும்பிட்ட அமைச்சன், படித்த பின் சோறு இறங்காமல் உட்கார்ந்துவிட்டான். காரணம் கேட்டருள்க.

எங்கள் தேர்வீதியில் ஓடும் குதிரைகள் யாவும் போர்க்களத்தில் பணி முடித்தவை. வீதியைக் கடப்போர் அடிபடுவது பொறாத அமைச்சன், தன் அறிவையெல்லாம் திரட்டி, ஆட்கள் கடக்கும் வேளையில் தேர்கள் நிற்பதற்கு அடையாளமாக முரசு அறையுமாறு ஆணையிட்டான். முரசு கேட்டால் பாய வேண்டுமென்று பழகிய குதிரைகள் அவை என்பது அவையில் அத்தனை பேருக்கும் தெரியும். எடுத்துச் சொல்லும் துணிவுதான் ஒருவருக்கும் இல்லை. முதல் முரசிலேயே மருத்துவச்சி பெருநங்கையின் வலக்கால் முறிந்தது. நலம் கேட்கப் போன அமைச்சனிடம் அவள், முரசு எனக்கு அடித்தீரா, குதிரைக்கு அடித்தீரா என்று வினவினாள். வீதிகளுக்கு அப்பால் ஏழு பெண்கள் சூல்கொண்டு என்னை நம்பிக் காத்திருக்கிறார்கள், கோலூன்றியாவது போகத்தான் போகிறேன், இன்னொரு முறை உதவி செய்து என்னைக் கொன்றுவிடாதீர் என்றும் சொன்னாள்.

அதன் பின்னரே தாமக்கண்ணியைத் தாங்கள் அனுப்பியருளினீர்கள். பணி ஏற்குமுன் அவள் கேட்டது ஒன்றே: உச்சிப்பொழுதில் தலையில் நீர்க்குடம் சுமந்து அமைச்சர் தாமே தேர்வீதியைக் கடந்து காட்ட வேண்டும். போனான். வீதி நடுவே நட்டுவைத்த கொடிமரம் போல ஒரு நாழிகை நின்றான். குடமும் தலைப்பாகையும் சக்கரத்தடியில் போயின. ஓரத்தில் நின்ற மோர்க்காரிகள், அமைச்சர் அங்கேயே குடியேறிவிட்டாரோ, சோறு கொண்டுவந்து தரட்டுமோ என்று விசாரித்தார்கள்.

மறுநாள் விடியலில் அவள் வீதியெங்கும் சாம்பல் தூவினாள். நண்பகலில் அடித்தடங்களைப் பார்த்தாள். அமைச்சன் முரசுமேடை எழுப்பிய இடத்தில் ஒரு நாயின் தடம் மட்டுமே இருந்தது. ஊரே கடந்தது கிணற்றுக்கு நேரே. அங்கே வீதியை இருபுறமும் ஒடுக்கி, ஒரு சாண் உயரத்துக்குச் சரிவாகக் கல் பாவி, நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு திட்டும் அமைத்தாள். ஆணை ஏதும் பிறப்பிக்கவில்லை.

கல்பணி முடிந்த அன்று பெருநங்கை கோலூன்றிக் கல்லில் கால் வைத்தாள். தேவியீர், குதிரைகள் தாமாகவே நடை தளர்ந்தன. கடிவாளத்தை நான் தொடவேயில்லை, இது என்ன மாயம் என்று தேரோட்டி ஒருவன் இறங்கி நின்று கைகூப்பினான். குளம்போசையன்றி வேறோசை அறியாத அவ்வீதியில் அவள் கோல் கல்லைத் தட்டும் ஓசை கடைசி வரை கேட்டது.

ஆயினும் கடந்தது ஒரு வீதி. அப்பெண்களின் மனைகளுக்கு இன்னும் மூன்று வீதிகள் உள்ளன. எங்கள் கல்தச்சர்கள் தாமும் அவ்வாறே ஒன்று கட்டினார்கள். அதன்மேல் தேரில் ஏறி இறங்கிய மன்னர் இரண்டு நாள் நிமிர்ந்து உட்காரவில்லை. ஆகவே தாமக்கண்ணியை இன்னும் இரு திங்கள் இங்கே விட்டருள வேண்டும். ஈடாக அமைச்சனையே அனுப்பலாம் என்று எண்ணினோம்; நட்பு நாட்டுக்கு அத்தீங்கு செய்யலாகாது என்று மன்னர் தடுத்தருளினார்.

இங்ஙனம், வேங்கை இலச்சினை பொறித்து ஒப்பமிட்டோம். இவ்வோலை கொண்டுவரும் குதிரைவீரன் முழுநிலவுக்கு முன் தங்கள் வாயில் சேர வேண்டுமென்பது மன்னர் கட்டளை. வழியில் எவரேனும் வீதியில் கால் வைத்தால், அவர் அக்கரை சேரும்வரை நிற்க வேண்டுமென்பதும் அவர் கட்டளையே. ஓலை தாமதமாக வந்து சேர்ந்தால் வீரனைச் சினந்தருள வேண்டா. யாரோ ஒருவர் முழுக் காலோடு வீடு போய்ச் சேர்ந்தார் என்று கொண்டருள்க.