சூரைக்குள் உசிலை

ஜூன் 12, 2023

ஜேசிபி வந்தது. எனக்கும் அண்ணன் நவநீதகிருஷ்ணனுக்கும் பொதுவான மூன்று ஏக்கர் கொறங்காட்டில் இத்தனை நாள் ஆடு மாடுதான் மேய்ந்தது. இனி நம் மண்ணுக்கான மரங்களாக வளர்க்கப் போகிறேன். கோழிப்பண்ணைக்கு விட்டுவிடலாம் என்கிறார் அண்ணன். 2025 தைக்குள் மரம் பிடித்தால் காடு, இல்லையென்றால் பண்ணை. பேசி முடித்தாயிற்று.

மேற்குப் பாதியில் ஆவாரை, சூரைமுள் எல்லாம் வழித்தாயிற்று. புதர் மண்டிய காட்டை வைத்திருந்தால் ஊர் சிரிக்காதா? கிழக்கே போவதற்குள் வண்டி பழுது. "பாதி சவரம் பண்ணுன மூஞ்சியாட்ட இருக்குதுங்க" என்றாள் என் மனைவி தனப்பிரியா.

அக்டோபர் 29

மழை. மேற்கில் நூறு குழி போட்டு உசிலை, வெப்பாலை, ஆத்தி வைத்தோம். மீந்த பதினாலு கன்றைத் தனப்பிரியா கிழக்கே புதர்களுக்குள் நட்டாள். குப்பையில் போட்ட மாதிரிதான் என்றேன்.

மார்ச் 30, 2024

குடம் குடமாக ஊற்றியும் ஒன்பதுதான் உயிரோடு. வெயில் பாதி, ஆடு பாதி.

ஏப்ரல் 21

அந்த ஒன்பதும் போயிற்று. அண்ணன் போனில், "செடி வளத்தறயா, கருவாடு காயப்போடறயா?"

சிரிக்கட்டும். எனக்கு அழுகையா வருது. நூறு உசுரு.

மே 5

வேலிக்கு முள் வெட்டக் கிழக்கே போனேன். சூரைப் புதரை விலக்கினால் உள்ளே உசிலைக் கன்று — பச்சையாக! ஒவ்வொரு புதராகப் பார்த்தேன். பதினாலில் பதினொன்று. ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றியதில்லை. நிழலில் மண் இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறது. ஆட்டு வாய் முள்ளைத் தாண்டவில்லை. குருவி எச்சத்தில் முளைத்த வேம்புகூட இரண்டு.

இந்த முள்ளைப் பிடுங்கத்தானா ஜேசிபி வைத்தேன்? என்ன புத்தி இது?

"பாத்துட்டுத்தானுங்க இருக்கறேன். சொன்னா கேப்பீங்களா?" என்றாள் தனப்பிரியா.

நவம்பர் 3

மேற்கில் ஆவாரை விதைத்தேன். முதலில் புதர் வரட்டும், மரம் அப்புறம். பக்கத்துக் காட்டுப் பழனியம்மாள், "புடுங்குனதயே மறுக்கா வெதைக்கறீங்களா?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன்.

ஜனவரி 19, 2025

அண்ணன் பண்ணைக்காரரோடு வந்தார். கிழக்கே இடுப்பளவு உசிலையைத் தொட்டுப் பார்த்தார். மேற்கில் ஆவாரை விரல் உயரம்தான். இன்னும் இரண்டு வருடம் கேட்டேன்.

"பேச்சுன்னா பேச்சுதான்" என்றார். பிறகு பண்ணைக்காரரிடம், "கெழக்க தொட வேண்டாமுங்க. மேக்க போட்டுக்கங்க."

பண்ணைக்காரருக்கு மகிழ்ச்சி. "எடம் நல்லா சுத்தமா இருக்குதுங்க. எங்களுக்கு வேலையே இல்ல. ஆரு செஞ்சது?"

நான்தான் என்றேன்.