சனிக்கிழமைப் பெயர்

மார்ச் 4, திங்கள்
பக்கத்து வீட்டில் சுவரை இடிக்கிறார்கள். காலை முழுக்கத் தையல் மெஷின் மேல் தூசி. வாத்தியார் இறந்து எட்டு மாதம் பூட்டிக் கிடந்த வீடு. அவருடைய தங்கை மகள் ஃபோரிவா தலைநகர் அக்ராவிலிருந்து வந்து திறந்திருக்கிறாள். குடிவரத்தான் என்று நினைத்தேன். இரண்டு படுக்கையறையை ஒன்றாக்கிவிட்டு யார் குடியிருப்பது?

மார்ச் 7, வியாழன்
மழலையர் பள்ளியாம். வாசலில் நகரசபை அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. ஆட்சேபம் இருந்தால் இருபத்தோரு நாளைக்குள் எழுதித் தர வேண்டுமாம். என் வீட்டுக்காரர் ஒபெங் பனியனோடு போய் நின்று படித்துவிட்டு வந்தார்.
"சின்னப் பசங்கதானே. லேத்துப் பட்டறை வந்திருந்தா என்ன பண்ணியிருப்பே?"
பட்டறை வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

மார்ச் 8, வெள்ளி
கணக்குப் போட்டுப் பார்த்தேன். முப்பது பிள்ளைகள் என்றால் பதினைந்து பெண்கள். எங்கள் ஊரில் பிறந்த கிழமைதான் பெயர், வாரத்துக்கு ஏழு நாள். சனிக்கிழமை பிறந்தவள் எல்லாம் அமாதான். எப்படியும் இரண்டு பேர் இருப்பார்கள். தினமும் காலையில் யாராவது அமா என்று கூப்பிடுவார்கள், ஏதோ ஒரு குழந்தை என்ன என்று கேட்டுக்கொண்டு ஓடும்.

ஊரில் அமாக்களுக்குப் பஞ்சமில்லை. சந்தையில் கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள். ஆனால் சந்தையிலிருந்து வீட்டுக்கு வந்துவிடலாம். வீட்டுச் சுவரை ஒட்டியே கூப்பிட்டால் நான் எங்கே போவது?

என் மகள் அமா ஆறு வயது வரைதான் இருந்தாள். நானும் சனிக்கிழமை பிறந்தவள். கல்யாணமான நாளிலிருந்து ஒபெங் என்னை அமா என்றுதான் கூப்பிட்டார். அவள் பிறந்ததும் பெரிய அமா, சின்ன அமா. காய்ச்சலில் அவள் போன மறுநாளிலிருந்து என் இன்னொரு பெயர்தான், கொனாடு. ஒன்பது வருடமாக இந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மார்ச் 12, செவ்வாய்
எழுதிக் கொடுத்துவிட்டேன். இரைச்சல், வண்டி நெரிசல், தையல் வேலைக்கு இடையூறு. குமாஸ்தா படித்துவிட்டு, "உங்க மெஷின் சத்தத்தை விடவா?" என்றான். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

மார்ச் 19, செவ்வாய்
அந்த வீட்டுச் சுவரில் நகரசபை ஆட்கள் எழுதிய சிவப்புப் பெயின்ட். 'வேலையை நிறுத்து. அனுமதி காட்டு.' கொத்தனார் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். நான் கேட்டதுதானே நடந்தது? பின்னே ஏன் சோறு இறங்கவில்லை?

மார்ச் 21, வியாழன்
ஃபோரிவா வந்தாள். இஞ்சியும் மிளகாயும் போட்டுப் பொரித்த வாழைப்பழம் ஒரு தட்டு நிறைய.
"அக்கா, யாரோ மனு குடுத்திருக்காங்களாம். இந்தத் தெருவுல எனக்கு உங்களைத்தான் தெரியும். அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசிப் பாக்குறீங்களா?"
என்னிடமே வந்து கேட்கிறாள். பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "நான்தான்" என்று வந்துவிட்டது.
அவள் எழுந்து போகவில்லை. "உங்க பக்கம் சுவரை ஒசத்திடுறேன் அக்கா. சத்தம் வராது."
"சத்தம் இல்ல. உன் பள்ளிக்கூடத்துல எத்தனை அமா சேந்திருக்கு?"
"மூணு" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். அவள் மாமா எப்போதோ சொல்லியிருக்க வேண்டும்.
"அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டோம். எல்லாத்துக்கும் வேற பேரும் இருக்குல்ல."
அழுதுட்டேன். அவ முன்னாடியே. நேத்து வந்தவ முன்னாடி.

மார்ச் 22, வெள்ளி
மனுவைத் திரும்ப வாங்கிவிட்டேன்.

ஏப்ரல் 16, செவ்வாய்
அனுமதி வந்துவிட்டது. சிவப்பு எழுத்தின் மேல் மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் இன்னும் தெரிகிறது.

மே 6, திங்கள்
பள்ளி திறந்தாயிற்று. ஃபோரிவா சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள். கோஃபி, யா, அகோசுவா என்று மற்ற பிள்ளைகளை எல்லாம் பிறந்த கிழமையின் பெயரால் கூப்பிடுகிறார்கள். மூன்று பேர் மட்டும் கிரேஸ், செர்வா, அகியேவா.

மே 9, வியாழன்
அகியேவா என்ற குழந்தை திரும்புவதே இல்லை. அது தன் பெயர் என்றே அவளுக்குத் தெரியவில்லை. வீட்டில் அமா என்றே கேட்டு வளர்ந்தவள். இன்றைக்கு எட்டுத் தடவை கூப்பிட்டார்கள், நான் எண்ணினேன். கடைசியில் யாரோ போய்த் தோளைத் தொட்டிருக்க வேண்டும். ச்சே, என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்? மூணு வயசுக் குழந்தையோட பேரைப் பிடுங்கிட்டேனே.

மே 14, செவ்வாய்
கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தேன். அங்கே சமையலுக்குப் புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள், நானும் ஃபோரிவாவும் பேசிக்கொண்டது அவளுக்குத் தெரியாது. சோளக்கஞ்சி ஆறுகிறதே என்று, "அமா" என்று ஒரு சத்தம் போட்டாள்.
"என்ன?" என்று மூன்று குரல். நான்காவது என்னுடையது. வாயில் கிளிப்பைக் கடித்துக்கொண்டு, ஒன்றும் யோசிக்காமல்.
அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குழந்தை கேட்டது: "சுவத்துக்கும் அமாதான் பேரா?"
சிரித்துவிட்டேன். கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அது என் மகளுடைய பெயர் என்றே இத்தனை நாள் நினைத்திருக்கிறேன். நாற்பத்தாறு வருடமாக என் பெயரும் அதுதான்.
ஃபோரிவா மூச்சு வாங்க ஓடி வந்தாள். "அக்கா, தெரியாம..."
"அப்படியே கூப்பிடுங்க. கூப்பிட்டாத் திரும்பாத அந்தச் சின்னதைத்தான் முதல்ல."

மே 15, புதன்
சாப்பிடும்போது ஒபெங்கிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். தட்டைப் பார்த்தபடியே சொன்னார்:
"கூப்பிட்டா நீ வருவே. அவ வர மாட்டா. அதான் கூப்பிடல."
அவர் கை கழுவப் போகவே வெகுநேரம் ஆனது. நானும் கூடவே உட்கார்ந்திருந்தேன்.

மே 18, சனி
பள்ளி விடுமுறை. யாரோ ரிப்பேருக்குக் கொடுத்த ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒபெங் காலையிலிருந்து படுத்துக் கிடந்தார். கை மட்டும் வெளியே நீண்டது.
"அமா, அந்த ஸ்பேனரை எடு."
எடுத்துக் கொடுத்தேன்.