வைட்டமின் டப்பா

அன்பு மகள் பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும், என் வேண்டுதல் அது ஒன்றுதான். இங்கே நானும் நலம் என்று எழுத வந்த கை பாதியில் நின்றுவிட்டது. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போன் என்றால் மாப்பிள்ளை பக்கத்தில் இருப்பார், நீ ம், சரிம்மா என்பாய், நானும் சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுவேன். ஆறு வருஷமாக அப்படித்தானே பேசிக்கொண்டிருக்கிறோம். இதை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

உன் தம்பி ஜெயிலில் இருக்கிறான். இன்றோடு பதினேழு நாள். பஸ் டிப்போவுக்குள் போய், நின்றிருந்த பஸ்ஸில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருக்கிறான். சின்ன வயதில் சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகத் திருப்பிக்கொண்டு திரிந்தவன்தானே, அதோடு விட்டிருந்தால் சிரித்துவிட்டு அனுப்பியிருப்பார்கள். டிப்போ காவல்காரர் இவன் சட்டையைப் பிடித்து இழுக்க, இவன் தள்ளிவிட, அவர் கண்ணாடிக் கதவில் விழுந்து கையில் ஏழு தையல். போலீஸ் வந்து கூட்டிப்போனபோது இவன் பையில் அந்த வைட்டமின் டப்பா இருந்திருக்கிறது. அது என்ன டப்பா என்று உனக்குத் தெரியும். உன்னைப் பெண் பார்க்க வந்த வாரம் நான்தான் அவன் மனநோய்க்குச் சாப்பிடும் மாத்திரைகளை அதற்குள் மாற்றினேன், ஆஸ்பத்திரி ஃபைலைப் பழைய போர்வையில் சுற்றிப் பரணில் ஏற்றினேன், யார் கேட்டாலும் வைட்டமின் என்று சொல்லடா என்று அவனுக்கும் சொல்லிவைத்தேன். உன் கல்யாணம் முடியும்வரைதான் என்று நினைத்தேன், முடிந்த பிறகும் மாதாமாதம் அதே டப்பாவைத்தான் நிரப்பினேன். ஸ்டேஷனிலிருந்து இன்ஸ்பெக்டர் போன் பண்ணி, பையனுக்கு ஏதாவது வியாதி உண்டா, இது என்ன மாத்திரை என்று பொறுமையாகத்தான் கேட்டார், அப்படி ஏதாவது இருந்தால் லாக்கப்பில் வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப இப்போது ஏற்பாடு இருக்கிறது என்றுகூடச் சொன்னார். நான் வெறும் வைட்டமின்தான் சார், பையன் கொஞ்சம் முரடு என்றேன். பெற்ற வாயால் சொன்னேன் பாப்பா. டப்பாவை உறையில் போட்டு ஒட்டி வைத்துவிட்டார்கள். பதினோரு நாள் ஒரு மாத்திரை இல்லாமல், சரியாகச் சாப்பிடாமல், சுவரைப் பார்த்தபடி நின்றிருக்கிறான்.

மனநல ஆஸ்பத்திரியிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் ஜெயிலுக்கு ஒரு நர்ஸ் வருவாளாம். உன் வயதுதான் இருக்கும். அவன் நிற்பதைப் பார்த்ததுமே சந்தேகம் வந்து, இன்ஸ்பெக்டரிடம் பேசி அந்த உறையைத் திறக்கவைத்திருக்கிறாள். மாத்திரையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. திங்கட்கிழமை நான் வேலை பார்க்கும் சலவைக் கடைக்கே வந்துவிட்டாள். வந்தவள் துணி வாங்க வந்தவளைப் போல ஓரமாக நின்று, எல்லாரும் போனபிறகு, நான் சட்டைகளுக்கு நம்பர் சீட்டுக் குத்திக்கொண்டிருந்த மேஜைமேல் டப்பாவை வைத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மூணு தடவை கேட்டேம்மா. சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க, அவ்ளோதான் சொன்னான்" என்றாள். ஊசி விரலில் ஏறியது எனக்கு அப்போது தெரியவில்லை.

அன்றைக்கே ஸ்டூல் போட்டு ஏறி ஃபைலை இறக்கிக் கொடுத்தேன். மறுநாளிலிருந்து மாத்திரை கொடுக்கிறார்கள். காவல்காரர் வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டேன், முன்னாடியே ஒரு வார்த்தை காதில் போட்டிருந்தால் நான் வேறு மாதிரி பேசியிருப்பேனே அம்மா என்றார். வியாழக்கிழமை கோர்ட். டாக்டரும் இன்ஸ்பெக்டரும் சேர்ந்து ஜட்ஜிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், ஜெயிலுக்குப் பதிலாக ஆஸ்பத்திரியில் வைத்து வைத்தியம் பார்க்கலாம் என்று. ஆனால் ஜட்ஜ் என்னையும் கேட்பார், அவனையும் கேட்பார். மாப்பிள்ளையின் சித்தப்பா அதே கோர்ட்டில் டைப்பிஸ்ட் என்பதை நான் மறக்கவில்லை. அவர் காதுபடத்தான் சொல்லப்போகிறேன், என் மகனுக்கு ஒன்பது வருஷமாக வியாதி, மறைத்தவள் நான் என்று. உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. கூரியர் செவ்வாய்க்கிழமை வந்துவிடும் என்றார்கள், அதற்குள் மாப்பிள்ளையிடம் நீயே சொல்லிவிடு. பழியை என்மேல் போடு, எனக்கு உரியதுதான் அது.

வீடு வெறிச்சென்று கிடக்கிறது. இரண்டு தட்டு எடுத்து, ஒன்றைத் திருப்பி வைக்கிறேன். குழாயைச் சரியாக மூடமாட்டான் என்று தினமும் கத்துவேனே, நேற்றுச் சாயங்காலம் நானே அதைச் சொட்டவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பைத்தியக்காரி என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள், யாராவது சிரித்துக் கேட்டு நாளாகிறது. பேச ஆள் இல்லை பாப்பா. யாரிடமும் எதையும் சொல்லாமலே இருந்து, இப்போது சொல்வதற்கு ஒருவரும் மிச்சமில்லை.

முக்கியமானதைக் கடைசியில் எழுதுகிறேன். நேற்று அவனைப் பார்க்க விட்டார்கள். இளைத்துவிட்டான். இனிமேல் சொல்லலாம்டா, ஜட்ஜ் கேட்டால் உள்ளதைச் சொல்லு என்றேன். அவன் பின்னால் நின்ற வார்டரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்து, வாயில் விரலை வைத்துக் காட்டினான். நான் சோதித்துப் பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டான். எத்தனை சொல்லியும் நம்பவில்லை. வியாழக்கிழமையும் வைட்டமின் என்றுதான் சொல்வான். நீ சொன்னால்தான் கேட்பான், சின்னதிலிருந்தே அப்படித்தானே. புதன்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு நர்ஸின் அறைக்கு அவனைக் கூட்டிவருவார்கள், நம்பரைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். மறக்காமல் போன் பண்ணு, நான் சொன்னால் நம்பாததை நீ சொல்லி நம்பவை. தீர்க்காயுசாக இரு. மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், அவர் ஏற்றுக்கொண்டால்.

உன்னையும் உன் தம்பியையும் வாய்மூட வைத்த,
அம்மா