ஆற்றில் குளித்த மோட்டார்

அக். 6, திங்கள்
காலையிலேயே வெயில். சேரன்மகாதேவி ஆற்றில் கார் கழுவினேன். பக்கத்தில் லாரி கழுவினார்கள், நானும் முன் சக்கரம் முங்க இறக்கினேன். பெட்ரோலில் ஓடிய காலத்துப் பழக்கம். இன்ஜினைக் கழற்றிவிட்டுக் கரண்டு மோட்டார் வைத்தவனே நான்தான். எட்டு மாத வேலை. புத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறேன்.

ஈரம் காயுமுன் ஸ்விட்சைப் போட்டேன். மேடு ஏறும்போது கருகிய நாற்றம். நின்றுவிட்டது. லாரிக்காரர் கயிறு கட்டி இழுத்தார். "கரண்டு வண்டிய யாராவது ஆத்துல எறக்குவாவளா வே?"

வீட்டுக்கு வந்து மனைவி ரஹ்மத்திடம் சொன்னேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வெள்ளி ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு ஒரு பல் டாக்டர் காரைப் பார்க்க வருகிறார். பிடித்தால் அவருடைய பழைய காரையும் கரண்டுக்கு மாற்ற என்னிடம் தருவார். அந்த வேலை கிடைத்தால் ஊரில் இருப்பேன். இல்லாவிட்டால் ரஹ்மத்தின் அண்ணன் ஏற்பாடு செய்திருக்கும் துபாய் விசா. வெள்ளி பொழுது சாய்ந்து மஃரிபு தொழுகைக்குள் மச்சானுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அக். 7, செவ்வாய்
மோட்டாரைக் கழற்றியாச்சு. இடுப்பு போச்சு. டவுனில் இரண்டு கடை. இரண்டிலும் "புதுசு வாங்குங்க." புதுசு வர மூன்று வாரம்.

வேறு வழியில்லாமல் செல்வி அக்கா கடை. வயல் பம்புசெட் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுகிறவர். அக்கா முகர்ந்து பார்த்தார்.

"குளிப்பாட்டினியளோ பாய்?"

உள்ளே விரலை விட்டு ஆற்று மணலை எடுத்துக் காட்டினார்.

அக். 8, புதன். மேகமூட்டம்
கருகிய கம்பியை அக்கா வெட்டி எறியவில்லை. ஒவ்வொரு சுற்றாக உரித்து எண்ணினார். பம்பு மோட்டாரில் ஒரே கம்பி, நிறைய சுற்று. இதில் மெல்லிய கம்பிகள் பத்துப் பதினைந்து சேர்ந்து, சுற்று கொஞ்சம். "சடை மாதிரில்லா போட்டிருக்கான்!" தரையில் சாக்பீஸால் படம். நெட்டில் பார்த்து நான் குறித்து வைத்தது ஆறு சுற்று. அக்கா எண்ணியது ஏழு. வாதாடினேன்.

"நெட்டுக்காரனா ஒங்க மோட்டார பிரிச்சான்?"

இன்னொரு காயிலையும் உரித்துக் காட்டினார். ஏழுதான். குறிப்பில் ஆறை அடித்து ஏழு என்று எழுதிக்கொண்டேன்.

புதுக் கம்பி சுற்றும்போது பேச்சே கிடையாது. போன் அடித்தால் அடிக்கட்டும். உதடு மட்டும் அசைகிறது. டீ கொண்டு வந்தவர் வாசலிலேயே நின்றார், எண்ணி முடியும்வரை. நான் பதினொரு வருஷம் துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்தவன். இப்படி ஒரு கையைப் பார்த்ததில்லை. "வேறு வழியில்லாமல்" என்று நேற்று எழுதியதற்கு வெட்கமாக இருக்கிறது.

வாங்க வேண்டியது: பேரிங் 2, கிரீஸ், ரஹ்மத்துக்குத் தலைவலி மாத்திரை (மறந்தாச்சு).

அக். 9, வியாழன். தூறல்
வார்னிஷ் ஊற்றியாச்சு. சாக்கைப் போட்டு மூடி, உள்ளே சூட்டுக்கு இரண்டு குண்டு பல்பு. நாள் முழுக்கக் காய வேண்டுமாம். இன்றே மாட்டலாமா என்று இரண்டு தடவை கேட்டேன்.

"ஈரத்தோட ஓட்டித்தான இங்கன வந்து நிக்கிய? பைய இருங்க."

நியாயம்.

மத்தியானம் ரஹ்மத் சாப்பாடு கொண்டு வந்தாள், அக்காவுக்கும் சேர்த்து. உடனே கிளம்பவில்லை. அக்கா வேறொரு மோட்டாருக்குச் சுற்றுவதையே ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக். 10, வெள்ளி
பத்து மணிக்கு மாட்டி முடித்தேன். ஓடியது! அழுகை வந்துவிட்டது. வியர்வையைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டேன்.

ஜும்ஆ முடிந்து டாக்டர். பத்தமடை வரை போய் வந்தோம். எரிந்த கதையை மறைத்துவிடலாம் என்றிருந்தேன். பின் சீட்டிலிருந்து ரஹ்மத் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டாள். ஆறு, லாரிக் கயிறு, மணல், செல்வி அக்கா. மானம் போனது. டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"அப்போ கெட்டுப்போனாலும் சரி பண்ண இங்கனயே ஆள் உண்டு. அத மொதல்லயே சொல்லப்படாதா? திங்கக்கெழம வண்டிய அனுப்புதேன்."

மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் மச்சான் போன். நான் காருக்கு அடியில், கையெல்லாம் கிரீஸ். ரஹ்மத் எடுத்தாள். நான் துபாயில் இருந்த பதினொரு வருஷத்தில் ஒரு தடவைகூட என்னைப் போ என்றோ இரு என்றோ சொல்லாதவள்.

"அவ்வோ வரல, அண்ணே. இனிமே வரமாட்டாவ."

என்னைக் கேட்கவே இல்லை.