மெமரிக்குப் பொட்டு வைத்த விவரம்

ஆனையூர், மதுரை
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் சத்யப்ரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம், வீடும் வைத்த இடத்திலேயே சுகமாக இருக்கிறது, வார்சாவில் நீ சளி காய்ச்சல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். நலம் விசாரித்த கையோடு ஒரு மானக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன், தள்ளிப்போட்டால் பாதிக் கடிதத்தில் தைரியம் போய்விடும். நம் வீட்டுக் கம்ப்யூட்டர் இத்தனை நாளாக நின்று நின்று போனதே, அதற்குக் கரண்டு காரணமில்லை, ஸ்டெபிலைசருக்குள் பல்லி புகுந்துவிட்டது என்று நான் அடித்துச் சொன்னதும் காரணமில்லை, அப்படி ஒரு பல்லி இந்த வீட்டில் பிறக்கவே இல்லை. நான்தான் கெடுத்தேன். சந்தனத்தால் கெடுத்தேன். இதைப் போனில் சொன்னால் நீ சிரிக்கிற சத்தத்தைக் கேட்க வேண்டியிருக்கும், அதனால் உன்னோடு வேலை பார்க்கிற மேலூர்ப் பெண் தமிழ்வாணி லீவு முடிந்து வார்சாவுக்குத் திரும்பும்போது இட்லிப் பொடியோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்தனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொள்.

உன் அம்மா உன் அண்ணனின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓசூர் போனதிலிருந்து சமையலுக்கும் நான், சாப்பாட்டைக் குறை சொல்லவும் நான். ஆயுத பூசையும் என் தலையில் விழுந்தது. உன் அம்மா ஜெயக்கொடி அங்கிருந்தே போனில் உத்தரவு போட்டாள், 'ஸ்கூட்டருக்கு வைங்க, மிக்சிக்கு வைங்க, அருவாமனைக்கு வைங்க, எதுக்கும் அம்புட்டுச் சந்தனத்தை அப்பிராதீக' என்றாள், பிறகு குழந்தை தும்மியது, போனை வைத்துவிட்டாள். அவள் இருந்தால் கம்ப்யூட்டர் பெட்டிக்கு வெளியே ஒரு பொட்டு வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். எனக்கு அடுத்த வேலை என்று ஒன்று இல்லை. பூசையை முடித்துவிட்டால் பொரிகடலையைக் கொறித்துக்கொண்டு சுவரைப் பார்க்க வேண்டியதுதான், அதனால் இழுத்து இழுத்துச் செய்தேன். நீ லீவில் வரும்போது பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றித் தூசி தட்டுவாயே, அதே மாதிரி பிளக்கைப் பிடுங்கிவிட்டு நானும் கழற்றினேன். உள்ளே காற்றாடிக்கு ஒரு பொட்டு. போர்டுக்கு ஒன்று. பக்கத்தில் இரண்டு பட்டைகள் செருகியிருந்தன, இழுத்துப் பார்த்தேன், வந்துவிட்டன, அடியில் வரிசையாகத் தங்கம் பூசின மாதிரி மினுமினுப்பு. இம்புட்டு லட்சணமான இடத்தை விட்டுவிட்டு வேறு எங்கே வைப்பது என்று அந்தத் தங்கத்தின் மேலேயே சந்தனமும் குங்குமமும் வைத்து, சூடம் காட்டி, திரும்பச் செருகிவிட்டேன். அதுதான் மெமரி என்று அப்போது எனக்குத் தெரியாது.

அதன் பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியுமே. ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டே இருப்பாய், வாய் திறந்தபடி அப்படியே உறைந்துபோவாய், திரை முழுக்க நீலமாகி, மூஞ்சியைத் தொங்கப்போட்ட ஒரு அடையாளம் வந்து, என்னவோ கோளாறு என்று இங்கிலீஷில் வருத்தப்பட்டுவிட்டு இயந்திரம் தானாக அணைந்து எழுந்திருக்கும். அது எழுந்திருக்கும்போது உனக்கு வேறு வேலை வந்துவிடும். செல்போனில் பேசினால் என்ன என்று கேட்டாய். செல்போனில் நீ நடந்துகொண்டே பேசுகிறாய் தாயி, கடையில் காய் எடுத்துக்கொண்டு, பஸ் ஏறிக்கொண்டு, எனக்கு உன் மூக்கும் போலந்து ஆகாயமும்தான் தெரிகிறது. கம்ப்யூட்டர் என்றால் நீயும் உட்காருவாய், நானும் உட்காருவேன். அதற்காகத்தான் அதைச் சரிசெய்யச் சொல்லி அந்தப் பாடு படுத்தினேன்.

ஆனால் உண்மையைச் சொன்னால் நீ அதைச் சரிசெய்கிறேன் என்று தினம் சாயங்காலம் போன் பண்ணினாயே, அந்த நாட்கள் எனக்கு அமோகமாகப் போயின. திரை ஓடுவதற்கு டிரைவர் என்று ஒரு புரோகிராம் உள்ளே இருக்கிறது, புதிதாக வந்த டிரைவர் சரியில்லை, பழையதற்கே திரும்புவோம் என்றாய். திரும்பினோம். இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது, மூன்றாம் நாள் நீலம். வேண்டாததையெல்லாம் விட்டுவிட்டுக் குறைந்தபட்சத்தோடு எழுப்பும் முறையில் எழுப்பச் சொன்னாய், எழுப்பினேன், எழுத்தெல்லாம் பெரிசு பெரிசாக வந்தது, கண்ணாடி தேவைப்படாததால் அப்படியே விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். நீலத்தில் வரும் எழுத்துகளை நான் ஒவ்வொன்றாக வாசிக்க, நீ 'அப்பா, மெதுவா, பூஜ்யமா, ஓ எழுத்தா' என்று அதட்ட, நீ ஒன்றாம் வகுப்பில் என்னிடம் வாங்கின திட்டையெல்லாம் திருப்பிக் கொடுத்தாய். கடைசியாக மெமரியைச் சோதிக்கும் பரிசோதனையை ஓடவிட்டோம். அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பதுபோல் அந்தச் சதவீதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'மெமரியிலதான்பா கோளாறு, யாராச்சும் கழட்டினாங்களா' என்று கேட்டாய். யாரும் இல்லை என்றேன். வீட்டில் யாரும் இல்லை என்பது மட்டும் உண்மை.

போன சனிக்கிழமை காலை பெட்டியை ஸ்கூட்டரின் முன்னால் வைத்து, இரண்டு காலாலும் அணைத்துக்கொண்டு கிளம்பினேன். எதிர்வீட்டுப் பாண்டிமீனா கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, 'என்னண்ணே, அக்கா ஊருல இல்லைன்னதும் சாமானை ஒவ்வொண்ணா விக்கப் பாக்குறீகளா' என்றாள். இந்நேரம் ஓசூருக்குச் செய்தி போயிருக்கும். கம்ப்யூட்டர் கடை கோகுல்நாத் மூடியைத் திறந்து டார்ச் அடித்தான், இரண்டு பட்டைகளையும் உருவி வெளிச்சத்தில் பிடித்தான். பிறகு, 'அண்ணே, எல்லாரும் வாசல்ல நின்னு கும்பிடுவாக, நீங்க கருவறைக்குள்ளயே போயிட்டீகளே' என்றான். கடையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து வந்து மெமரியைத் தரிசனம் செய்தார்கள். ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டதாகக்கூட எனக்குச் சந்தேகம். கோகுல்நாத் பென்சில் அழிக்கும் ரப்பரை எடுத்துத் தங்கத்தைப் பதமாகத் தேய்த்தான், குங்குமம் போனது. ஒரு பட்டை பிழைத்தது, இன்னொன்று போய்ச் சேர்ந்துவிட்டது, அதற்குப் பதில் வேறு போட்டான். மெமரி சரியில்லாத நேரத்தில் நாம் ஏற்றினதால் டிரைவரும் அரைகுறையாகத்தான் ஏறியிருக்கிறது, எத்தனை தடவை மாற்றினாலும் சரியாகியிருக்காது என்று சொல்லி அதையும் புதிதாக ஏற்றிக் கொடுத்தான். ஆக நீ சொன்ன டிரைவரும் சரி, நீ சொன்ன மெமரியும் சரி. உன் அப்பன் ஒருவன்தான் பழுது.

மறுநாள் ஞாயிறு, திரையில் நீ வந்தாய். கம்பளித் தொப்பி உனக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் முகம் வாடியிருந்தது. தைக்கு வருகிறேன் என்று போன மாதம் சொன்னாயே, உன் அறை மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டிவிட்டேன் என்று நான்தான் முதலில் ஆரம்பித்தேன். 'அப்பா, லீவு விஷயமா ஒண்ணு சொல்லணும்' என்று நீ சொன்னதோடு திரை போய்விட்டது. செல்போனில் கூப்பிட்டாய், நான் குளிக்கப் போய்விட்டேன். மறுபடியும் நீலமா என்று எழுதிக் கேட்டாய், ஆமாம் அதே நீலம்தான் என்று பதில் போட்டேன். கோகுல்நாத்தை மனதுக்குள் திட்டியிருப்பாய், பாவம் அவன்.

இங்கே வேறு விசேஷம் இல்லை. சாயங்காலம் ஆனால் டிவியை ஓடவிடுகிறேன், பார்ப்பதற்கில்லை, யாராவது பேசிக்கொண்டிருக்கட்டும் என்றுதான். ரசம் வைக்கப் பழகிவிட்டேன், ஒருவனுக்கு ரசம் வைப்பது பெரிய கஷ்டம், எவ்வளவு குறைத்தாலும் நாலு பேருக்கு வந்துவிடுகிறது. நீ அதைப்பற்றிக் கவலைப்படாதே. வேலையிடத்தில் பெரியவர்களிடம் முகம் கொடுத்துப் பேசு, லீவுக்காக யாரிடமும் சண்டை போடாதே. தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வெளியே போகாதே. இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய் அங்கே கிடைக்குமா என்று தெரியவில்லை, தமிழ்வாணி பெட்டியில் இடம் இருந்தால் ஒரு பாட்டிலும் வைக்கிறேன். மீனாட்சி உன் பக்கம் இருப்பாள், குளிரும் உன்னை ஒன்றும் செய்யாது, நினைத்த காரியமெல்லாம் கைகூடி நீ நிறைவாக இருக்க வேண்டும். அம்மாவிடம் பேசும்போது சந்தன விஷயத்தை மட்டும் விட்டுவிடு.

உன் அப்பா,
பால்பாண்டி

கடிதத்தை மடித்த பிறகு பிரித்து எழுதுவது: சனிக்கிழமை கோகுல்நாத் கையிலிருந்து வந்த பிறகு கம்ப்யூட்டர் ஒரு தடவைகூடத் தானாக நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சுவிட்சை அணைத்தது நான்.